கீரை ஆயப் போனவனை ஏன் கூட்டி வந்தீர்கள்?

கேள்வி: எனக்கு 7 வயதில் மகன், 4 வயதில் மகள். கோடை விடுமுறை விட்டதிலிருந்து வீட்டில் 'போரடிக்குது' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஃப்ளாஷ் கார்டு, பசில், அபாகஸ் என்று எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. தினமும் அட்டவணை போட்டு, ஒர்க்‌ஷீட் பிரின்ட் எடுத்து உட்கார வைக்கிறேன். மகன் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருப்பதில்லை. மாமியார் கீரை ஆயும்போது மட்டும் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவான். ஒர்க்‌ஷீட் பாக்கி இருக்கிறதென்று நான்தான் எழுப்பிக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. கடைசியில் மொபைலைக் கொடுத்தால்தான் வீடு அமைதியாகிறது. பிள்ளைகளை உருப்படியாக எதில் ஈடுபடுத்துவது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஏப்ரல், மே பிறந்தால் இந்தக் கடிதம் வந்துவிடும். ஊரும் பிள்ளைகளின் வயதும்தான் மாறும். அதனால் ஆறுதல் எல்லாம் வேண்டாம், நேராகக் கேட்கிறேன். ஐந்து நிமிடம் உட்காராத பையன் கீரைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிய கையோடு மொபைலுக்குத் தாவிவிட்டீர்கள். உட்கார்ந்திருந்தவனை எழுப்பியது யார்?

அங்கே அவன் என்ன செய்கிறான் என்று ஒரு நாளாவது நின்று பார்த்தீர்களா? அரைக்கீரைக் கட்டில் புல்லும் கலந்து வரும். எது கீரை, எது புல் என்று பிரிக்க வேண்டும். பூச்சி அரித்ததை ஒதுக்க வேண்டும். முருங்கைக்கீரை என்றால் ஈர்க்கிலிருந்து இலையை மட்டும் உருவ வேண்டும்; பென்சில் பிடிக்கிற விரலுக்கு நல்ல பயிற்சி. 'வேறுபட்டதை வட்டமிடு' என்று நீங்கள் பிரின்ட் எடுக்கிறீர்களே, அதே வேலைதான். ஆனால் தாளில் சரியாகச் செய்தால் உங்கள் டிக் கிடைக்கும், அவ்வளவுதான். கீரையில் கோட்டை விட்டால் மத்தியானம் அப்பா தட்டில் புல் கிடக்கும். தன் வேலையை நம்பித்தான் வீடு சாப்பிடுகிறது என்பது 7 வயதுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அசையாமல் உட்காருகிறான்.

பொம்மை போதாமல் பிள்ளைகளுக்குப் போரடிக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வீட்டில் அவர்களுக்கென்று ஒரு வேலை கிடையாது. விருந்தாளியைப் போல உட்கார வைத்து, வேளைக்கொரு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்கும் வீட்டில் கடமை உண்டு. ஆண் பிள்ளை என்பதால் அதில் தள்ளுபடி கிடையாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க உங்கள் மாமியார் வருவது அந்த ஒரே இடத்தில், அதுவும் இடைஞ்சலாக. உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது மனத்தாங்கல் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு அபராதம் பேரன் கட்டக் கூடாது. கூலி வாங்காத வாத்தியார் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது அபாகஸுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இட்லிக்கு ஊறப் போடும் நாளில் அரிசியையும் உளுந்தையும் அவனே அளக்கட்டும். நாலுக்கு ஒன்று என்றால், எட்டு டம்ளர் அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று கேளுங்கள். மாமியாரிடம் பழைய படி, உழக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. வாளித் தண்ணீரை வைத்து அளந்து அளந்து ஊற்றினால் அரை, கால், அரைக்கால் எல்லாம் அவனுக்குக் கண்ணால் பார்த்தே விளங்கிவிடும். குளியலறையில் ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்னைத் திட்டுவீர்கள்.

மத்தியானத்துக்குப் பல்லாங்குழி. பக்கத்துக்கு 7 என்று 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் 70. எண்ணிப் போடுவது மகள் வேலை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது மகன் பாடு. ஆனால் 4 வயது, கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது. பெரியவர்கள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சாயங்காலம் அந்த ஒருவர் உங்கள் கணவராக இருக்கட்டும். கடிதத்தில் அவரை எங்குமே காணோம்.

மொபைல் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. வீடு அமைதியாக வேண்டும் என்பது உங்கள் தேவை, பிள்ளைகளுடையது அல்ல.

பள்ளி திறக்கும்வரை பிரின்ட் எடுப்பதை நிறுத்துங்கள். நாளைக் காலை கீரைக்கார அம்மாவிடம் காசைக் கொடுத்து மீதியை எண்ணி வாங்கி வருவது பையன் பொறுப்பு. மாமியார் முறத்தை எடுத்ததும் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். தண்டும் மண்ணுமாகக் கூடம் குப்பையாகத்தான் செய்யும். அதைக் கூட்டி அள்ளுவதும் அவன்தான், நீங்கள் துடைப்பத்தைத் தொடாதீர்கள்.