சர்க்கரை நோய் விறைப்பை ஏன் பாதிக்கிறது?

சர்க்கரை நோய் உள்ளவருக்கு விறைப்பு குறைவது ஏன், மாத்திரை போட்டும் சிலருக்கு ஏன் பலன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் உடலே உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைப் பொறுத்தது. ஆசை எழும்போது ஆணுறுப்பின் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் இதை வெளியிடுகின்றன. அதனால் சிஜிஎம்பி என்ற பொருள் உருவாகி, தசை தளர்ந்து, ரத்தம் நிறைகிறது. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்பு, உள்சுவர் இரண்டுமே பழுதாகும். வெளிவரும் கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் சூப்பர் ஆக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் வடிவம் அழித்துவிடும். விறைப்புக்கான மாத்திரையான சில்டெனாஃபில் (வயாக்ரா) சிஜிஎம்பி சிதையாமல் காக்கும், அவ்வளவுதான். நைட்ரிக் ஆக்சைடே வராவிட்டால் காக்க என்ன இருக்கிறது?

அப்புறம், இதய ரத்தக்குழாய்களிலும் இதே கோளாறு நடந்துகொண்டிருக்கலாம். தயவுசெய்து வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.