குடியானவன் கையில் துப்பாக்கி: கேம் கேள்வி–பதில்

கே: ரிம்வேர்ல்டு என்கிற காலனி நடத்தும் கம்ப்யூட்டர் கேமில் என் காலனியில் 9 பேர். ரெய்டு (தாக்குதல்) வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஆயுதங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். அப்படியும் ஒவ்வொரு ரெய்டிலும் இரண்டு பேராவது விழுகிறார்கள். ஏன்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: ஆளுக்கொரு தினுசு என்பதுதான் கோளாறே. ஷார்ட் போ என்கிற சிறு வில் எட்டுவது 23 கட்டம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 37. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ரைஃபிள்காரர் சுட்டுக்கொண்டிருப்பார், வில்லுக்காரர் சும்மா நின்று குண்டு வாங்குவார். எதிரி பக்கத்தில் வரும்வரை வில்லைச் சுவர் மறைவில் வையுங்கள். 60 ஸ்டீல், 30 மரம், 3 காம்பொனென்ட் (இயந்திர உதிரிபாகம்) சேர்ந்தால் ஒரு போல்ட் ஆக்‌ஷன் தயார். நல்ல கை உள்ள நாலு பேருக்கு முதலில் அதைச் செய்து கொடுங்கள்.

அடுத்தது, நிற்கும் இடம். மணல் மூட்டை 55 சதவீதம் மறைக்கும், சுவர் 75. ஆனால் ஒட்டி நிற்க வேண்டும், எதிரியும் நேர் எதிரே இருக்க வேண்டும். பக்கவாட்டில் வந்தால் மூட்டை இருந்தும் பயனில்லை. சுவர், மூட்டை, சுவர், மூட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஒருவரை நிறுத்துங்கள். எதிரே 40 கட்டத்துக்கு மரம், பாறைத்துண்டு ஒன்று விடாமல் அகற்றிவிடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். நீங்கள் விட்டுவைத்த கல்லுக்குப் பின்னால்தான் அவன் வந்து பதுங்குவான்.

தோளோடு தோள் நின்று சுடலாம், மிக அருகில் நிற்கும் நம்மாள் மேல் குண்டு படாது. கத்தியோடு முன்னால் ஓடுகிறவர் முதுகில்தான் படும்.

இன்னொன்று: மிச்ச ஆயுதங்களைக் குவித்து வைக்காதீர்கள். காலனியின் சொத்து மதிப்பு ஏற ஏற ரெய்டும் பெருகும். வியாபாரி ஐந்தில் ஒரு பங்கு விலைதான் தருவான். தந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

கே: பயிற்சிக்களம் கட்ட வழியே இல்லையே, சுடப் பழக்குவது எப்படி?
– கல்லூரி மாணவர், நகரி

ப: மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) போடாத கேமில் பயிற்சிக்களம் கிடையாது. வேட்டைதான் பள்ளிக்கூடம். ஷூட்டிங் ஸ்கில் பக்கத்தில் தீச்சுடர் (ஆர்வத்தின் அடையாளம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுடர் இல்லாதவர் 35 சதவீத வேகத்தில்தான் கற்பார். ஒரு சுடர் என்றால் 100, இரண்டு என்றால் 150. ஒரே நாளில் 4,000 புள்ளி தாண்டினால் வேகம் ஐந்தில் ஒன்றாகிவிடும். அதனால் ஒருவரையே நாள் முழுக்க வேட்டைக்கு அனுப்பாமல் முறை வைத்து மாற்றுங்கள். ஹார்ஸ்ஷூ விளையாட்டுக் கம்பம் ஒன்று நட்டால் ஓய்வு நேரத்திலும் கொஞ்சம் ஏறும்.

முயல், மான் போதும். பூம்ராட் என்ற எலியைச் சுட்டால் வெடித்துப் புல்லில் தீப்பிடிக்கும். யானைக்கூட்டத்தில் ஒன்றை அடித்தால் மற்றவையும் சேர்ந்து திரும்பலாம். பாலக்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

பிராலர் (கைகலப்பையே விரும்பும்) குணமுள்ளவரிடம் துப்பாக்கி கொடுத்துவிடாதீர்கள். குறியும் தவறும், மனமும் கெடும்.

கே: மூடுபனியில் ரெய்டு வந்தால் என் ஆட்கள் ஒரு குண்டுகூட ஒழுங்காகப் போடுவதில்லை.
– வாசகி, மூணாறு

ப: பனியில் குறி பாதியாகிவிடும். எதிரிக்கும் அதே கதிதான். உள்ளே இழுங்கள். கதவுக்கு உட்புறம் மூன்று பேரைக் கத்தி, தடியோடு அரைவட்டமாக நிறுத்தினால் நுழைகிறவன் ஒருவன், அடிக்கிறவர் மூவர். குண்டைத் தடுக்கும் ஷீல்டு பெல்ட் இருந்தால் அவர்களுக்கே. அதைக் கட்டிக்கொண்டு துப்பாக்கி சுட முடியாது.

கே: சண்டையே போட மாட்டேன் என்கிற இருவரை என்ன செய்ய?
– வாசகர், குப்பம்

ப: கெட்டிக்கார டாக்டரையும் அவர்களோடு சேர்த்து மூவரையும் வரிசையிலிருந்து விலக்குங்கள். நடு அறைகளை மட்டும் அடக்கி ஒரு பாதுகாப்பு ஏரியா வரைந்து, சங்கு ஊதியதும் அதில் அடையுங்கள். உணவும் படுக்கையும் மருந்தும் அந்த ஏரியாவுக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளேயே பட்டினி கிடப்பார்கள். ரெய்டு முடிந்ததும் ஏரியாவை மாற்ற மறந்தால், வயலில் நெல் முற்றி நிற்கும், அறுக்க ஒருவரும் வெளியே வரமாட்டார்.