காந்தி வெள்ளிக் காசை ‘1948’ என்று சொல்லி விற்றால்?

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஜார்ஜ் மன்னர் ரூபாய்களோடு, காந்தி படம் போட்ட 10 ரூபாய் வெள்ளிக் காசு ஒன்றையும் சேர்க்க ஆசை. தரகர் ஒருவர், “1948-இல் அடித்தது, ப்ரூஃப் காசு, சான்றிதழும் உண்டு” என்கிறார். புதுசு போல மின்னுகிறது. வாங்கலாமா?

பதில்: காசு நல்ல தேர்வு. தரகர்தான் சரியில்லை.

அதில் இருக்கும் 1869, 1948 இரண்டும் காந்தி பிறந்த, மறைந்த ஆண்டுகள். அடித்த ஆண்டு காசில் எங்கும் கிடையாது. நூற்றாண்டையொட்டி 1969-இல் வெளியிட்டார்கள். 1948 என்று சொல்லி விலையை ஏற்றுவது பழைய தந்திரம்.

அடுத்து அந்த மினுமினுப்பு. அரை நூற்றாண்டு தாண்டிய வெள்ளி பெரும்பாலும் கொஞ்சமாவது கறுத்திருக்கும். வீட்டு வெள்ளியை விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுகிறார்கள். வியாபாரிகள் அமிலத்தில் முக்கியும், பஃப் மெஷினில் கொடுத்தும் பளபளப்பாக்குகிறார்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு விழுந்துவிடும். நீங்களும் தயவுசெய்து தாத்தாவின் ரூபாய்களைத் தேய்க்காதீர்கள்.

முக்கியமான விதிவிலக்கு, நிஜமான ப்ரூஃப். சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலை தனியாக அடித்துத் தந்தது. அது மின்னத்தான் செய்யும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வெறும் பரப்பு கண்ணாடிபோல் இருக்கும், எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக நிற்கும், காது, மீசை எல்லாம் தெளிவாகத் தெரியும். தேய்த்த காசில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். முகம் மழுங்கியிருக்கும், ஆனாலும் மின்னும். மழுங்கிய முகமும் மினுக்கமும் சேர்ந்து வந்தால் அது ப்ரூஃப் இல்லை. பெட்டியோடு தந்தாலும் நம்பாதீர்கள், பெட்டியில் வேறு காசை வைக்க எவ்வளவு நேரமாகும்?

வெள்ளிதானா என்று பார்ப்பது சுலபம். எடை 15 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி. காந்தத்தில் ஒட்டக்கூடாது. (அதே முகம் போட்ட 1 ரூபாய் நிக்கல் காசு ஒட்டும்.) ஆனால் செம்பும் ஒட்டாது, அதனால் காந்தம் மட்டும் போதாது. நகை எடை போடும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக்கத் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 1.5 கிராம் காட்ட வேண்டும். 1.7 காட்டினால் அது செம்பு போல வெள்ளியைவிட லேசான உலோகம், எழுந்து வந்துவிடலாம்.

சான்றிதழா? விற்கிறவரே அச்சடித்த காகிதத்துக்கு என்ன மதிப்பு? சாதாரண ஆள் பழைய காசைக் கொண்டுபோய் நல்லதா போலியா என்று கேட்க அரசு கவுன்டர் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தக் கூத்தே இருக்காது. பழைய காசு விற்பனைக்கு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி வரி, கமிஷன் என்று கேட்பவர்களை நம்பாதீர்கள் என 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. நல்லது, எச்சரிக்கை வந்தது. சரிபார்க்க எங்கே போவது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

ஆக, தராசும் லென்ஸும் உங்களுடையதாக இருக்கட்டும். பில்லில் “1969 காந்தி 10 ரூபாய், வெள்ளி, போலியானால் திரும்பப் பெறப்படும்” என்று எழுதி வாங்குங்கள். பில் எதற்கு, சான்றிதழ்தான் இருக்கிறதே என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இந்தக் காசு அரிதானது இல்லை, அவசரமே வேண்டாம்.