மாடலை வரையும்போது உருவம் ஏன் சாய்கிறது?

கேள்வி: நெதர்லாந்தில் ஓவியக் கல்லூரியில் சேரப்போகிறேன். நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் வகுப்பும் உண்டு. நின்ற நிலையில் யாரை வரைந்தாலும் உருவம் சாய்கிறது, பாதம் வரைய இடம் இருப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: தலையில் தொடங்கிக் கீழே இறங்குகிறீர்கள் போலிருக்கிறது. தலை சற்றுப் பெரிதானால் கூட அந்தப் பிழை கழுத்து, மார்பு என்று கூடிக்கொண்டே போய்க் கால் தாளைத் தாண்டிவிடும். முதலில் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் இரண்டு கோடு போடுங்கள். நிற்பவரின் நடுப்புள்ளி ஏறக்குறைய இடுப்புக்கூட்டின் அடியில் வரும், அதையும் குறியுங்கள். பென்சிலைக் கண்ணெதிரே பிடித்து மாடலை அளக்கும்போது கை முழுதாக நீண்டிருக்கட்டும். முழங்கை மடங்கினால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும்.

சாய்வுக்குத் தூக்குக்குண்டுதான், அதாவது நூல் முனையில் கட்டித் தொங்கவிடும் எடைதான், மருந்து. மாடல் ஒற்றைக்காலில் எடை போட்டு நின்றால், நேர் எதிரிலிருந்து பார்க்கையில் கழுத்துக் குழியிலிருந்து விட்ட நூல் அந்தக் காலின் கணுக்காலருகே விழும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் பெரும்பாலும் தாழும். இந்த இரண்டு சரிவுகளையும் முதல் இரண்டு நிமிடத்திலேயே போட்டுவிடுங்கள். நேரமாக ஆக மாடல் களைத்து உடல் தளரும்; அதைத் துரத்தித் திருத்தினால் இரண்டு போஸ் கலந்த உருவம்தான் மிஞ்சும். மாடலுக்கு மிக அருகில் உட்காரவும் வேண்டாம். அவர் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் தள்ளி உட்கார்ந்தால் முழு உடலும் ஒரே பார்வையில் அடங்கும்.

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தம் மாணவர்களுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்தாரா?

பதில்: மாடலைச் சுற்றி உட்கார்ந்து வரைந்ததற்குச் சான்று இருக்கிறது. 1646-ஐ ஒட்டி, ஒரே இளைஞன் நிற்கும் போஸை மாணவர்கள் வெவ்வேறு கோணத்தில் வரைந்த தாள்கள் கிடைத்துள்ளன. அதே இளைஞன் ரெம்ப்ராண்டின் செதுக்கோவியம் (உலோகத் தகட்டில் கீறி அச்சிடும் படம்) ஒன்றிலும் நிற்கிறான். அச்சில் இடவலம் மாறும் என்பதை மறந்து ஒப்பிட்டால் குழப்பம்தான். அந்தச் செதுக்கோவியத்தின் பின்னணியில், நடைவண்டியில் ஒரு குழந்தை நடை பழகுகிறது. வரையப் பழகுபவருக்கான குறிப்பு அது என்று சிலர் சொல்வதுண்டு. எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது.

கேள்வி: தொங்கும் சதை, உடுப்பு இறுக்கிய தழும்பு எல்லாம் வரைய வேண்டுமா?

பதில்: வரையுங்கள். ரெம்ப்ராண்டின் நிர்வாணப் பெண்களின் காலில் காலுறைப் பட்டியின் தடம் தெரிகிறது என்று டச்சுக் கவிஞர் ஆந்திரீஸ் பெல்ஸ் 1681-இல் குறைபட்டார். அந்தத் தடம் காலைச் சுற்றி வளைந்து போவதைக் கவனியுங்கள். நிழலே போடாமல் கால் உருண்டு தெரியும்.