சோகப் பாடல்களையும் நாவல்களையும் விட்டுவிட வேண்டுமா?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 26 வயது. கோண்டாவிலில் பெற்றோருடனும் அம்மம்மாவுடனும் இருக்கிறேன். யாழ் நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பொது நூலகத்தில் நாவல்கள் இரவல் எடுத்து வாசிப்பது சிறுவயதுப் பழக்கம். ஆனால் ஆனி மாதத்திலிருந்து, தனிமையில் உழல்பவர்களையும் தம்மைத் தாமே தேடி அலைபவர்களையும் பற்றிய கதைகளைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. எல்லோரும் படுத்த பிறகு பிளேன்ரீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசிப்பேன். விளக்கை அணைத்ததும் ஹெட்போனில் பழைய சோகப் பாடல்களைக் கேட்பேன், அதுவும் ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப. அந்நேரம் என்னை விளங்கிக்கொண்ட ஒருவர் பக்கத்தில் இருப்பதுபோல ஆறுதலாக இருக்கும். பாட்டு நின்றதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், விடியும்வரை நித்திரை வராது. “உந்தப் புத்தகங்களாலை விசர்தான் வரப்போகுது” என்று அம்மா ஏசுகிறார்.

கனடாவில் இருக்கும் ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். தை மாதம் பதிவு. வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை வாய்ப்பாட்டுப் படித்து, உயர்தரப் பரீட்சைக்காக விட்டவள் நான். வாசிப்பும் பாட்டும்தான் என்னை இந்நிலைக்குக் கொண்டுவந்தனவா? அவற்றை நிறுத்திவிட வேண்டுமா?

— வாசகி, கோண்டாவில்

அன்பின் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். புத்தகங்களையும் பாடல்களையும் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நீங்கள், வாழ்க்கையையே இடம்மாற்றப்போகும் திருமணத்துக்கு ஒரேயொரு வரியை ஒதுக்கி, உடனே சங்கீதப் பரீட்சைக்குத் தாவிவிட்டீர்கள். அவர் எப்படிப்பட்டவர், அவரோடு நேரே கதைத்தீர்களா, உங்களுக்குச் சம்மதமா என்ற எதுவும் கடிதத்தில் இல்லை. உங்கள் பதகளிப்பின் வேர் அந்த வரிக்குள் இருக்கலாம் என்பது என் ஊகம். தவறென்றால் மறுத்து எழுதுங்கள்.

குறுந்தொகையின் 28ஆம் பாடலில் ஔவையாரின் தலைவி, தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவதொரு சாட்டுச் சொல்லிக் கூவிவிடுவேனா என்று தவிக்கிறாள். இன்றைய எந்த மருத்துவக் குறிப்பும் நள்ளிரவுப் பதகளிப்பை இதைவிடக் கச்சிதமாகச் சொல்லிவிடவில்லை என்பேன். ஆனால் அதை அவள் தோழியிடம் சொல்வதாகவே உரைமரபு கொள்கிறது. உங்கள் இரவில் அந்தத் தோழிதான் இல்லை. நாவலின் பாத்திரம் உங்கள் துயரத்தைத் தன் வாயால் சொல்லும், “சரி, உனக்கு என்ன வேண்டும்?” என்று திருப்பிக் கேட்காது. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது மனமும் அதே இடத்தைச் சுற்றிவரும். துயரத்துக்கு ஒரு குரல் கிடைத்த ஆறுதல் வரும், ஆனால் முடிவு எடுக்கப்படாமல் அப்படியே கிடக்கும்.

ஆகவே வாசித்து முடித்ததும் பாட்டைப் போடாமல் கொப்பியை எடுங்கள். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை வருத்திய நிகழ்வையும் அது எழுப்பிய உணர்வையும் சேர்த்தே எழுதச் செய்தார். எழுதிய வேளையில் அவர்களுடைய மனம் இன்னும் சோர்ந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்தது. முதல் நாள் உங்களுக்கும் அழுகை வரலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். யாருக்கும் காட்டத் தேவையில்லை. தை மாதத்தைப் பற்றி எழுதுங்கள். பயம் அந்த மனிதரைப் பற்றியதா, ஊரைவிட்டுப் போவதைப் பற்றியதா, அம்மம்மாவை விட்டுப் பிரிவதைப் பற்றியதா என்பது எழுதும்போது பிரிந்து தெரியும். தெரிந்தபின் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏசுகிற அம்மாவும் உள்ளுக்குள் பயந்துபோய்த்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இசையைப் பொறுத்தவரை, கேட்பதைக் குறைத்துப் பாடுவதைக் கூட்டுங்கள். ஆரம்ப சுரப் பயிற்சியான சரளி வரிசையை மெதுவான முதற்காலத்தில், ஒரு மூச்சுக்கு இயன்றவரை நீட்டிப் பாடிப் பாருங்கள். பாடும்போது வெளிமூச்சு உள்மூச்சைவிட நீள்கிறது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். மேடைக்கான சாதகம் அல்ல இது, சுருதி விலகினாலும் பரவாயில்லை. அந்த இரவுப் பிளேன்ரீயை மட்டும் தயவுசெய்து விடுங்கள்: தேயிலையின் கஃபீன் படபடப்பைக் கூட்டும், நித்திரையையும் கெடுக்கும்.

இவற்றுக்குப் பிறகும் படபடப்புத் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் தைரொயிட்டையும் இரத்தச் சோகையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், இரண்டுமே இதே அறிகுறிகளைத் தரக்கூடியவை. யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதிலும் கூச்சம் வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எந்த இரவிலாவது தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்காமல் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணை அழையுங்கள்.