வட்டத்தின் சமன்பாட்டை மெட்ரிக் படிக்கும் மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நீங்கள் x² + y² + 2gx + 2fy + c = 0 என்று படித்தீர்கள்; தென்னாப்பிரிக்காவில், டர்பனில், மகனுக்கு (x − a)² + (y − b)² = r² என்று நடத்துகிறார்கள். வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது ஒன்று. வட்டக் கணக்கு என்றாலே அவன் சூத்திரத்தைத் தேடுகிறான், படம் போட மாட்டேன் என்கிறான் என்பது இன்னொன்று. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைகளில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. அது தீர்ந்தால் முதலாவது தானாகவே தீரும்.

இந்த நாட்டுத் தேர்வில் வட்டத்தின் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. வினாத்தாளோடு வரும் தகவல் தாளில் அது அச்சாகியே இருக்கும். கணக்கு இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில், வட்டச் சமன்பாடு வரும் பகுமுறை வடிவியலுக்கு மட்டும் ஏறக்குறைய 40 போகிறது. சூத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு இவ்வளவு மதிப்பெண் வைக்கிறார்கள் என்றால், அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று தெரிகிறதா என்றுதான் சோதிக்கிறார்கள்.

அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மையத்திலிருந்து எல்லாப் புள்ளிகளும் ஒரே தொலைவில் இருக்கின்றன. மையம் (−4, 5), ஆரம் 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் மேல் (x, y) என்று ஏதோ ஒரு புள்ளி. மையத்திலிருந்து அங்கே போக, கிடையாக x + 4, செங்குத்தாக y − 5 நகர வேண்டும். இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள், ஆரம் அதன் கர்ணம். பித்தாகரஸ் தேற்றத்தை எழுதினால் (x + 4)² + (y − 5)² = 169. வேறு எதுவும் இதில் இல்லை. மையத்தில் −4 இருக்கும்போது அடைப்புக்குள் ஏன் +4 வருகிறது என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். அந்த முக்கோணத்தை வரைந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வராது. வலப்பக்கம் இருப்பது 13 அல்ல, 169 என்பதும் படத்திலிருந்தே நினைவில் நிற்கும்.

இப்போது அடைப்பை விரித்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: x² + y² + 8x − 10y − 128 = 0. நீங்கள் படித்த வடிவம் இதுதான். 2g = 8, 2f = −10, c = −128. மையம் (−g, −f), அதாவது (−4, 5). ஆரம் √(g² + f² − c) = √(16 + 25 + 128) = 13. ஆக இரண்டும் ஒரே வட்டம்தான். பள்ளியில் எதிர்பார்ப்பது வர்க்கப் பூர்த்தி. x² + 8x உடன் 16, y² − 10y உடன் 25 சேர்க்க வேண்டும். அதே 16ஐயும் 25ஐயும் வலப்பக்கமும் சேர்க்க வேண்டும். மகன் விடைத்தாளில் அப்படியே எழுதட்டும். உங்கள் சூத்திரத்தை வைத்து விடையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இதில் கேட்கக்கூடிய குறும்புக் கேள்வி ஒன்று உண்டு: x² + y² + 2x + 2y + 10 = 0 வட்டமா? வர்க்கப் பூர்த்தி செய்தால் (x + 1)² + (y + 1)² = −8. இரண்டு வர்க்கங்களின் கூட்டல் எதிர்மறையாக முடியாது. ஆகவே ஒரு புள்ளிகூட இல்லை.

அடுத்தது தொடுகோடு. நமது வட்டத்தின் மேல் (1, 17) என்ற புள்ளி இருக்கிறது. மையத்திலிருந்து கிடையாக 5, மேலே 12, கர்ணம் 13. ஆரத்தின் சாய்வு 12/5. தொடுகோடு தொடும் இடத்தில் ஆரத்துக்குச் செங்குத்து; செங்குத்தான இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும். ஆகவே அதன் சாய்வு −5/12, சமன்பாடு 5x + 12y = 209. எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். மையத்திலிருந்து இந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தொலைவையும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 169ஐ 13ஆல் வகுத்தால் 13, சரியாக ஆரம். தன் விடை சரி என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், ஆசிரியரிடம் கேட்கவே வேண்டாம். அப்புறம், ஆரம் நேர் மேலே போகும் இடத்தில் சாய்வு என்பதே கிடையாது. அங்கே −1 பெருக்கல் விதியைப் போட முயலாமல் படத்தைப் பார்த்து y = 18 என்று எழுதிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வட்டத்துக்கு வெளியே (9, 10) என்ற புள்ளியை எடுத்து, x² + y² + 8x − 10y − 128 என்பதில் போடுங்கள். 81 + 100 + 72 − 100 − 128 = 25. வட்டத்தின் மேல் இருந்தால் பூச்சியம் வந்திருக்கும். உள்ளே இருந்தால் எதிர்மறை. இங்கே நேர்மறை, ஆகவே வெளியே. இதுவரை சாதாரணம். ஆனால் அந்த 25 என்ன? மையத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்த மீதி: 194 − 169. மறுபடியும் பித்தாகரஸ்! அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு வரையும் தொடுகோட்டின் நீளத்தின் வர்க்கம் அது. நீளம் 5. கண்ணாலேயே பார்க்கலாம்: x = 9 என்ற செங்குத்துக் கோடு வட்டத்தை (9, 5) இல் தொடுகிறது. அங்கிருந்து (9, 10) வரை 5 அலகு.

இன்னும் இருக்கிறது. அதே புள்ளியிலிருந்து y = 10 என்று கிடையாக ஒரு கோடு போடுங்கள். அது வட்டத்தை x = 8, x = −16 என்ற இரு இடங்களில் வெட்டும். நம் புள்ளியிலிருந்து அவற்றின் தொலைவு 1, 25. பெருக்கினால் 25! வேறு எந்த வெட்டுக்கோடு போட்டாலும் இந்தப் பெருக்கல் மாறாது. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வடிவியல் நூலின் மூன்றாம் பகுதியில் ஆயத்தொலைவுகளே இல்லாமல் இதை நிறுவியிருக்கிறார். புள்ளியைச் சமன்பாட்டில் போட்டதுமே அந்த எண் நம் கைக்கு வந்துவிடுகிறது. பிள்ளைக்குச் சமன்பாட்டின் மேல் மரியாதை வர வேண்டுமானால் இந்த ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள். தேர்வில் நேராக வராது, பரவாயில்லை.

பதினோராம் வகுப்பில் படித்த வட்டத் தேற்றங்களையும் மறந்துவிட வேண்டாம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை இப்போது அவனே நிறுவலாம். x² + y² = r² என்ற வட்டத்தில் விட்டத்தின் முனைகள் (−r, 0), (r, 0). வட்டத்தின் மேல் வேறு ஏதாவது ஒரு புள்ளி (p, q). இரு நாண்களின் சாய்வுகளைப் பெருக்கினால் q²/(p² − r²). p² − r² என்பது −q² தானே, ஆகவே விடை −1. முடிந்தது. தேர்வில் மூன்று புள்ளிகளைக் கொடுத்து அவற்றின் வழியே போகும் வட்டத்தைக் கேட்டால், அந்த முக்கோணத்தில் செங்கோணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கர்ணமே விட்டம், அதன் நடுப்புள்ளியே மையம். பாதி வேலை மிச்சம். இந்தத் தேற்றங்களை 2008க்கும் 2013க்கும் இடையில் மெட்ரிக் எழுதிய உறவுக்காரர்களிடம் கேட்டு அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த ஆண்டுகளில் இந்தத் தேற்றங்கள் அடங்கிய யூக்ளிட் வடிவியல், விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதிய மூன்றாம் தாளில் இருந்தது. 2014 மெட்ரிக் தேர்வில்தான் கட்டாயத் தாளுக்குத் திரும்பியது.

இரண்டு வட்டங்கள் வெட்டும் கணக்குக்கு நம் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்ளலாம். வடக்கே உம்லாங்காவில் ஒரு கலங்கரை விளக்கம், தெற்கே பிளஃப் பக்கம் இன்னொன்று. இரண்டையும் சேர்க்கும் கோட்டை x அச்சாக வைப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை: ஒன்று (0, 0), மற்றது (14, 0). ஒரு கப்பல் முதல் விளக்கிலிருந்து 13 அலகு, இரண்டாவதிலிருந்து 15 அலகு தொலைவில் நிற்கிறது. x² + y² = 169, (x − 14)² + y² = 225. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வர்க்கங்கள் எல்லாம் போய்விடும்: 28x − 196 = −56, x = 5. இது இரு வெட்டுப்புள்ளிகள் வழியாகவும் போகும் நேர்கோடு. y = 12 அல்லது −12. ஒன்று கடலில், மற்றது கரையில்; கப்பல் எங்கே நிற்கிறது என்று பையனே சொல்லிவிடுவான். கழித்தால் நேர்கோடு வருகிறது என்பதைக் கவனித்துவிட்டால், இரு சமன்பாடுகளோடு போராடும் நேரம் மிகவும் குறையும். மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஆரங்களின் கூட்டலுக்குச் சமமானால் வட்டங்கள் வெளியே தொடும், வித்தியாசத்துக்குச் சமமானால் உள்ளே தொடும் என்பதையும் இதே படத்தில் காட்டிவிடலாம்.

சரி, அவன் படம் போட மறுப்பதற்கு என்ன செய்வது? என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். வட்டக் கணக்கு என்றால் அச்சுகள், மையம், ஒரு ஆரம் இந்த மூன்றையும் வரையும்வரை கால்குலேட்டரைத் தொடக் கூடாது. படம் அளவுப்படி இருக்க வேண்டியதில்லை, மையம் சரியான கால்பகுதியில் விழுந்தால் போதும். பழைய வினாத்தாள்களை அடிப்படைக் கல்வித் துறை தன் இணையதளத்தில் விடைக்குறிப்போடு இலவசமாகவே போட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டின் இரண்டாம் தாளிலிருந்தும் வட்டக் கேள்வியை மட்டும் எடுத்து, விடை காணாமல், படத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். படம் கைவந்த பிறகு கணக்குக்குப் போகலாம்.