பூச்சி மாத்திரை போட்டும் அரிப்பு நிற்கவில்லையா?

வாசகி ஒருவரின் கேள்வி: “6 வயது மகனுக்குப் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடியும் ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமே இல்லை. மலப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. இதைவிட வலுவான மருந்து கொடுக்க வேண்டுமா?”

வேண்டாம். அறிகுறியைப் பார்த்தால் இது பெரும்பாலும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். பள்ளியில் தந்த அல்பெண்டசோல் குடலில் இருந்த புழுக்களைக் கொன்றிருக்கும். ஆனால் முட்டைகளை அந்த மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை, சிக்கலே அங்கேதான்.

பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். பையன் சொறிவான், முட்டை நகத்துக்குள் போகும், விரல் வாய்க்குப் போகும். போர்வை, ஜட்டி, தலையணை உறை எல்லாவற்றிலும் இரண்டு மூன்று வாரம்கூட அவை உயிரோடு இருக்கும். விழுங்கிய முட்டை புழுவாகி மறுபடி முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நீங்கள் சொல்லும் கணக்கும் அதற்குப் பொருந்துகிறது.

முட்டை மலத்தில் இல்லாமல் தோலில் இருப்பதால் மலப் பரிசோதனை இதைப் பெரும்பாலும் தவறவிடும். காலையில் கழுவுவதற்கு முன்பு, நிறமில்லாத, தெளிவான செலோ டேப்பை ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து லேபில் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும்.

மருத்துவர் உறுதி செய்ததும் அதே மருந்தையே கொடுக்கலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸும் போட வேண்டும். இந்த இரண்டாவது டோஸைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதோடு நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுங்கள், படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள்.

வலுவான மருந்து பற்றிய ஆராய்ச்சி வேறு புழுக்களுக்காக நடக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஒரு வேளை அல்பெண்டசோல் உருண்டைப் புழுவைச் சுமார் 95 சதவீதம் பேரிடம் குணமாக்குகிறது. கொக்கிப்புழுவைச் சுமார் 80. சாட்டைப்புழுவில் மட்டும் 30 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால்தான் அல்பெண்டசோலுடன் ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரையைச் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் ஊருக்கே அல்பெண்டசோல் கொடுத்தால் பரவல் நிற்குமா என்று பார்க்கும் ஆய்வு பெனின், மலாவி நாடுகளிலும் நம் ஜவ்வாது மலை, திமிரி வட்டாரங்களிலும் நடந்தது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் தங்கியிருப்பதுதான் காரணம். உங்கள் வீட்டில் எல்லோரும் மாத்திரை போட வேண்டும் என்பதும் ஏறக்குறைய அதே யோசனைதான்.

இனிப்பை நிறுத்திப் பயனில்லை. பூச்சி இனிப்பால் வருவதில்லை.

வீட்டில் கர்ப்பிணி, 2 வயதுக்குட்பட்ட குழந்தை, வலிப்பு வந்த யாராவது இருந்தால் அவர்களுக்கு நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள். முக்கியமாக வலிப்பு: மூளையில் நாடாப்புழுவின் கட்டி இருந்தால் இதே மருந்து அங்கே வீக்கத்தைத் தூண்டி மறுபடி வலிப்பை வரவழைக்கலாம். அவர்களை முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.